பில்லிங் கம்ப்யூட்டர் நின்றால்: முதல் பத்து நிமிடம்

(சிறு வணிகர்கள், கணக்கு எழுதுபவர்கள், வணிக மென்பொருள் செய்யும் இளைஞர்கள் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே மூன்று வகையானவர்கள் வந்திருக்கீங்க. கடையில ஒரே ஒரு கம்ப்யூட்டர் வெச்சு பில் போடுறவங்க ஒரு பக்கம். நாலஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துல "சிஸ்டம் பார்த்துக்கிறவர்"னு பேர் வாங்கினவங்க இன்னொரு பக்கம். அந்தப் பதவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தனியா உண்டு. மூன்றாவது, இந்த மென்பொருளை எழுதிக் கொடுக்கிற தம்பி, தங்கைகள். மூன்று பேருக்கும் பொதுவான ஒன்றைப் பேசத்தான் வந்திருக்கேன். நேற்று வரை ஓடின மென்பொருள் இன்றைக்கு நின்றுபோனால் என்ன செய்யணும்? அதைவிட முக்கியமா, என்ன செய்யக் கூடாது?

நான் படித்தது இதழியல், கணினிப் பொறியியல் இல்லை. ஆனா இந்த வேலைக்கு இதழியல் நல்லாவே கை கொடுக்குது. ஒரு செய்தி எழுதும்போது யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படின்னு கேட்கச் சொல்லிக் கொடுப்பாங்க. மென்பொருள் கோளாறிலும் இதே கேள்விகள்தான். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே "ஏன்" என்ற கேள்வியைக் கடைசியில வைக்கணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் அதைத்தான் முதல்ல எடுக்கிறோம். பில் வரலையா? "வைரஸ் புகுந்திருக்கும்." நெட் மெதுவா இருக்கா? "சர்வர் போயிடுச்சு." இந்த முடிவை எடுத்த அடுத்த நிமிடமே கை தானா வேலையில இறங்கிடும். மென்பொருளை அழிச்சிட்டுத் திரும்பப் போடுவோம். அதுதான் ஆபத்தான இடம்.

மென்பொருளை எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கலாம். நீங்க இத்தனை வருடம் போட்ட பில், வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, இதையெல்லாம் கடையில வாங்க முடியாது. சில மென்பொருள்கள் நீக்கும்போது தகவல் இருக்கிற ஃபோல்டரையும் சேர்த்தே நீக்கிடும். அதனால பழுது என்னன்னே தெரியாட்டியும் முதல் வேலை ஒன்றுதான்: இப்போ இருக்கிற நிலையிலேயே தகவலை ஒரு பிரதி எடுத்து வேற இடத்துல வைப்பது. ஃபோல்டரா இருந்தால், எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த மென்பொருளை மூடிட்டு, முழு ஃபோல்டரையும் காப்பி பண்ணி, இன்றைய தேதியைப் பெயரில் போட்டு வெளி டிஸ்க்கில் வையுங்க. டேட்டாபேஸ் சர்வர் இருந்தால் அந்த ஃபைல் திறந்த நிலையிலேயே இருக்கும், சாதாரணமா காப்பி எடுத்தா அரைகுறையா வரலாம். அங்கே மென்பொருளே தருகிற பேக்கப் வசதியைத்தான் பயன்படுத்தணும். மின்சாரம் போய் வந்ததும் கணக்கு திறக்கலைன்னா "ரிப்பேர்", "ரீரைட்" மாதிரி ஒரு வசதி திரையில வரும். நல்ல வசதிதான். ஆனா இருக்கிற ஒரே பிரதி மேல அதை ஓட்டாதீங்க.

பிரதி எடுத்தாச்சு. இப்போ கேள்விகளுக்கு வருவோம்.

"என்ன" என்ற கேள்விக்குப் பதில் திரையிலேயே இருக்கும். ஒரு பெட்டி வரும், ஆங்கிலத்துல நாலு வரி, ஒரு எண். அதைப் படிக்காமலே "ஓகே" அழுத்தி மூடுறது நம்ம எல்லாருக்கும் இருக்கிற பழக்கம். உங்க கையில ஸ்மார்ட்போன் இருக்கு. அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க. முழுத் திரையும் தெரியணும், கீழே மூலையில இருக்கிற தேதி நேரமும் விழணும். அந்த எண்ணும் அந்த வரியும் பழுது பார்க்க வருகிறவருக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். "வேலை செய்யல சார்" என்ற வார்த்தையில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "பில் சேமிக்கும்போது இந்த எண்ணோட பெட்டி வருது, பழைய பில் பார்க்க முடியுது" என்று சொன்னால் பாதி வழி வந்தாச்சு.

"யார், எங்கே" இரண்டையும் சேர்த்தே கேளுங்க. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான்: ஒண்ணுலயா, எல்லாத்துலயா? ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் பிரச்சினைன்னா அந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்க. எல்லாவற்றிலும்னா சர்வர், ரவுட்டர் அல்லது வெளியே இருக்கிற தளம். எந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தாலும் ஒரே ஊழியருக்கு மட்டும் வரலைன்னா அவருடைய லாகின் உரிமையில ஏதோ குறை. எல்லாருக்கும் எல்லா பில்லும் வருது, ஒரே ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தொட்டால் மட்டும் நிற்குதுன்னா அந்த ஒரு பதிவில்தான் கோளாறு. ஒரு ஸ்க்ரூடிரைவர் கூட எடுக்காம இவ்வளவு தூரம் வந்துடலாம்.

ஜிஎஸ்டி தளத்துக்கும் இதே சோதனைதான். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி நாள். 20-ஆம் தேதி மாலை தளம் திறக்கலைன்னா நம்ம கம்ப்யூட்டரைக் கழற்றாதீங்க. போன்ல வைஃபையை அணைச்சிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்க. போன்ல வருது, கடை நெட்ல வரலைன்னா கோளாறு நம்ம பக்கம். போனிலும் வரலைன்னா பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அப்போ நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, தளத்தின் உதவி மையத்தில் புகார் பதிந்து டிக்கெட் எண் வாங்குங்க. பிறகு ஆடிட்டரிடமோ அலுவலகத்திலோ பேச அந்த எண்தான் ஆதாரம்.

அடுத்து "எப்போது". நேற்று ஓடியது, இன்றைக்கு ஓடலை. நடுவுல என்ன மாறுச்சு? "ஒண்ணுமே மாறலைங்க" என்பதுதான் எல்லாரும் சொல்ற பதில். கொஞ்சம் கிளறினால் வரும்: புது பிரிண்டர் வந்தது, பையன் ஆன்டிவைரஸ் போட்டான், நெட் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றிட்டுப் போனார், ராத்திரி விண்டோஸ் தானா அப்டேட் ஆச்சு.

ரவுட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், நாலஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற இடங்களில் இது அடிக்கடி வருவது. தகவல் இருக்கிற முதன்மைக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் ஒரு முகவரி கொடுத்திருக்கும், 192.168.1.5-னு வெச்சுக்குவோம். மற்ற கம்ப்யூட்டர்கள் அந்த முகவரியைத் தேடித்தான் போகும். மின்வெட்டுக்குப் பிறகோ ரவுட்டர் மாறும்போதோ அதே கம்ப்யூட்டருக்கு 192.168.1.9 கிடைத்துவிடும். வீடு மாறினவருக்குப் பழைய விலாசத்தில் தபால் போடுற கதைதான். முதன்மைக் கம்ப்யூட்டர்ல பில் போட முடியும், மற்றதில் மட்டும் "சர்வர் கிடைக்கவில்லை" என்று வரும். மென்பொருளில் ஒரு குறையும் இருக்காது. ரவுட்டர் அமைப்புக்குள்ளே போய் அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த முகவரியை நிரந்தரமா ஒதுக்கி வெச்சா போதும், திரும்ப வராது.

கடிகாரம் இன்னொரு திருடன். கம்ப்யூட்டரை அணைத்தாலும் நேரம் ஓடணும் என்பதற்காக உள்ளே ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி இருக்கும். மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சிஆர்2032. சில வருடங்களில் அது தீர்ந்துபோகும். அதுக்கப்புறம் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போயிடும். அப்போ வருகிற அறிகுறிகள் நம்மைக் குழப்பும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கும், ஏன்னா தளத்தின் சான்றிதழுக்கு இன்னும் நாளே வரலைன்னு கம்ப்யூட்டர் நினைக்குது. டிஜிட்டல் கையொப்பம் ஏற்காது. பில்லில் பழைய தேதி விழும், அன்றைய விற்பனை அறிக்கை காலியா நிற்கும். போன்ல கடிகாரம் தவறியிருந்தால் ஆதன்டிகேட்டர் ஆப் காட்டுகிற 6 இலக்க எண்ணும் ஒத்துவராது, அது 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே மாறுகிறது. அதனால நெட் கோளாறு என்று யாரையும் கூப்பிடும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்க. ஒரு சின்ன பேட்டரிக்காக மதர்போர்டே மாற்றச் சொன்னாங்கன்னா, இன்னொருத்தரிடமும் காட்டிட்டு முடிவெடுங்க.

எதுவுமே மாறாமல் நிற்கிற ஒரு வகையும் உண்டு. நிரம்பிப் போவது. டிஸ்க் நிரம்பலாம். பேக்கப்பை அதே டிஸ்க்கில் தினமும் எடுத்துக்கிட்டே இருந்தால் அதுவே டிஸ்க்கை அடைத்துவிடும். இன்னொன்று வெளியே தெரியாதது. நிறைய வணிக மென்பொருள்கள் மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸின் அளவு 10 ஜிபி-யைத் தாண்ட முடியாது. ஐந்தாறு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடின மென்பொருள் ஒருநாள் பழைய பில்லைக் காட்டும், புது பில்லைச் சேமிக்காது. டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. பார்க்க முடியுது, எழுத முடியலை என்றால் இந்த உச்ச அளவை ஒருமுறை பாருங்க. பொருள்களின் படங்கள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைத்தால் இந்த நாள் சீக்கிரம் வரும். எழுதுற தம்பிகள் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, இருக்கும் இடத்தை மட்டும் டேட்டாபேஸில் குறியுங்க.

இப்போ தமிழுக்கு வர்றேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கிறேன், நம்ம மொழி என்பதால் மட்டும் இல்லை, இதைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் குறைவு.

பில்லில் வாடிக்கையாளர் பெயரோ பொருள் பெயரோ தமிழில் சரியா வரலைன்னா, எப்படித் தப்பா வருதுன்னு பாருங்க. மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேற வேற. சின்னச் சின்னக் கட்டமா வந்தால் கவலைப்படாதீங்க. எழுத்து உள்ளே பத்திரமா இருக்கு, காட்டுறதுக்கு அங்கே தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பிய எழுத்துகள் மாதிரி கொக்கியும் கோடுமா வந்தால், ஒரு முறையில் சேமித்ததை வேறு முறையில் படிக்கிறோம் என்று அர்த்தம். சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் இரட்டை கிளிக் செய்து திறக்கும்போது அடிக்கடி நடப்பது. எக்ஸெலின் டேட்டா பகுதியில் போய் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் திரும்ப வந்துடும். மூன்றாவது, வரிசையா கேள்விக்குறி. அதுதான் மோசமானது. சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துபோய், அதன் இடத்தில் கேள்விக்குறியே பதிவாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படி ஆன பெயரை எந்த எழுத்துருவும் மீட்காது, திரும்ப அடிக்கத்தான் வேணும். அதனால கேள்விக்குறியைப் பார்த்த உடனே பதிவு செய்வதை நிறுத்திட்டு மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிடுங்க. நாளைக்கு என்று விட்டால் இன்றைய பெயர்களும் போயிடும்.

எழுதுறவங்களுக்கு: எஸ்க்யூஎல் சர்வரில் பெயர் வைக்கும் இடம் வார்கேராக இருந்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குறிதான் கிடைக்கும், என்வார்கேராக வையுங்க. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட். "கி" என்பதே இரண்டு குறி, 6 பைட். இடத்தை பைட் கணக்கில் அளக்கிற அமைப்பில் 20 பைட் ஒதுக்கினால் "கிருஷ்ணமூர்த்தி" நடுவிலேயே வெட்டப்படுவார். இன்னொரு நுணுக்கம். "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. "கொடி மளிகை" என்ற வாடிக்கையாளர் பட்டியலில் கண் முன்னால் இருப்பார், தேடினால் கிடைக்க மாட்டார். ஊழியர் புதுசா இன்னொரு தடவை பதிவார், பாக்கி இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும். சேமிக்கும் முன்னாடியும் தேடும் முன்னாடியும் என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இந்த வம்பு இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்னும் பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை மாற்றிக்கொண்டால் நல்லது. சின்ன ரசீது பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. அவற்றுக்குப் பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்பணும். பிரிண்டர் வாங்கும் முன் உங்க பில்லையே ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்க.

எக்ஸெல் என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் பதிவான பொருள்களின் பார்கோடு 890 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். எக்ஸெல் அதை எண்ணாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் ஃபைலில் போகும். 15 இலக்கத்துக்கு மேல் போகிற வங்கிக் கணக்கு எண்ணுக்கு இன்னும் மோசம், 16-ஆவது இலக்கத்தைச் சுழியாக்கிவிடும். தவறான கணக்குக்குப் பணம் போக இது போதும். இப்படிப்பட்ட எண்களை டெக்ஸ்ட் என்று முதலில் குறித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவரணும்.

வரி விஷயம் எழுதுறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் சேர்த்து. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சிமெண்ட் 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. சில மென்பொருள்களில் பொருளுக்கு எதிரே ஒரே ஒரு விகிதம்தான் இருக்கும். அதை 18 என்று மாற்றினதும் அன்றைய பில் சரியா வரும், எல்லாருக்கும் நிம்மதி. பிறகுதான் கோளாறு தெரியும். செப்டம்பர் 15-இல் 28 சதவீதத்தில் விற்ற மூட்டை அக்டோபரில் திரும்பி வருது. அதற்கான கிரெடிட் நோட்டில் 28 தான் போகணும், விற்ற அன்றைய விகிதம். மென்பொருள் 18 போடும். பழைய பில்லை மறுபிரதி எடுத்தால் அதிலும் 18 வரும், வாடிக்கையாளர் கையில் இருக்கிறதோ 28. விகிதத்தோட "எந்தத் தேதியிலிருந்து" என்பதையும் சேர்த்து வைக்கணும், போட்ட பில்லில் அன்றைய விகிதத்தையே எழுதி வைக்கணும். வாங்குகிறவர்கள் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: செப்டம்பர் 22-க்கு முந்தைய பில் ஒன்றை இப்போ மறுபிரதி எடுத்து, ஆடிட்டரிடம் இருக்கிற பிரதியோட வெச்சுப் பாருங்க.

ஒரு பைசா கணக்கும் பாருங்க. வரி உள்பட 100 ரூபாய், 18 சதவீதம். 100-ஐ 1.18-ஆல் வகுத்தால் 84.75. அதில் மத்திய வரி 9 சதவீதம் 7.63, மாநில வரி 7.63. கூட்டினால் 100.01. அதே 100 ரூபாய் 5 சதவீதத்தில் இருந்தால் 95.24, 2.38, 2.38, சரியா 100. சோதனை செய்யும்போது 5 சதவீதப் பொருளை மட்டும் எடுத்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. ஒரு பைசா யாருக்கும் பெரிசில்லை, ஆனா கல்லாவும் கணக்கும் ஒரு பைசாவில் ஒத்துவராமல் இரவு 10 மணிக்கு உட்கார்ந்திருக்கிற கணக்கு அக்காவிடம் கேட்டுப் பாருங்க. ரவுண்ட் ஆஃப் வரி ஒன்று தனியாக இருக்கணும், பணத்தை டெசிமல் வகையில்தான் வைக்கணும், ஃப்ளோட்டில் கூடாது.

பில் எண்ணையும் மறக்காதீங்க. ஒரு நிதியாண்டுக்குள் ஒரு எண் இன்னொரு முறை வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கடைப் பெயர், கிளை, வருடம் என்று நீளமாகச் சேர்த்தால் 16 தாண்டிடும். ஏப்ரல் 1 காலையில் இரண்டு கவுன்ட்டரும் 1-லிருந்து தொடங்கி முட்டிக்கொள்வதும் உண்டு. மார்ச் கடைசியிலேயே கவுன்ட்டருக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்துடுங்க. தவறான பில்லைச் சரிசெய்ய டேட்டாபேஸுக்குள்ளே கை விட்டு நேரடியா மாற்றும் பழக்கம் சில சர்வீஸ்காரர்களிடம் இருக்கு. விடாதீங்க. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தைக் கணக்கு மென்பொருள் பதிவு செய்யணும், அதை அணைக்க முடியாதபடி இருக்கணும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டவிதி. மற்றவர்களுக்கும் அது நல்ல வழக்கம்.

பேக்கப் பற்றி எல்லாரும் சொல்லியாச்சு, நான் இரண்டு மட்டும். எப்பவும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிற பென் டிரைவ் பேக்கப் ஆகாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவினபோது, கம்ப்யூட்டரோட இணைந்திருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பூட்டியது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் அதே வருடம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதில் இன்னும் பில் போடுகிறவர்கள் இதை மனசில் வைங்க. இரண்டாவது, திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க. மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து நேற்றைய பில் இருக்கான்னு பாருங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கணும். மென்பொருளை மாற்றினாலும் பழையதைத் திறக்க ஒரு வழி வேணும்.

இனி, உதவி கேட்கும்போது நடக்கிற மோசடி. கோளாறு வந்த பதற்றத்தில் கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர்" என்று தேடுவோம். மேலே வருகிற எண் அந்தக் கம்பெனியுடையதா என்று யாருக்குத் தெரியும்? மறுமுனையில் ரொம்ப மரியாதையா பேசுவார், திரையைப் பகிரும் ஒரு ஆப்பைப் போடச் சொல்வார், ஒரு சின்னத் தொகை கட்டச் சொல்வார். அந்தத் திரையில் நீங்க வங்கியைத் திறந்தால் அவரும் பார்த்துக்கிட்டிருப்பார். மென்பொருள் வாங்கின பில்லில் இருக்கிற எண்ணை மட்டும் கூப்பிடுங்க. அந்த எண்ணைப் போனில் இப்பவே சேமித்து வைங்க. திரை பகிரும்போது வங்கி, மெயில், வாட்ஸ்அப் எல்லாம் மூடியிருக்கணும், வேலை முடியும் வரை நீங்க எதிரே உட்கார்ந்திருக்கணும், முடிந்ததும் ஆப்பை நீக்கணும். ஓடிபி யாருக்கும் வேண்டாம், எந்தப் பழுதுக்கும் அது தேவையில்லை. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு 40 பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்க. தேதி, நேரம், என்ன மாறியது, யார் மாற்றினார். "12-ஆம் தேதி, ரவுட்டர் புதுசு." "18, மென்பொருள் அப்டேட்." "25, புது ஊழியருக்கு லாகின்." அவ்வளவுதான். சரிசெய்யும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. மாற்றினதை எழுதுங்க. பலன் இல்லைன்னா பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்க. நாலைச் சேர்த்து மாற்றி அது ஓடிவிட்டால், எதனால் ஓடியதுன்னு தெரியாது, அடுத்த தடவையும் அதே நாலையும் செய்ய வேண்டியிருக்கும். எழுதுற தம்பிகளுக்கும் இதே நோட்டுதான், லாக் என்று பெயர். அதில் "பிழை" என்று மட்டும் எழுதிவைக்காமல், எந்தப் பயனர், எந்தப் பில் எண், எத்தனை மணி என்று எழுத வையுங்க. ரகசிய எண்களை மட்டும் அதில் எழுதாதீங்க. புதிய பதிப்பை வாடிக்கையாளர் கடையில் சோதிக்காதீங்க, பிரதியில் சோதிங்க. தீபாவளி வாரத்தில் அப்டேட் அனுப்பவே அனுப்பாதீங்க.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகலைன்னா சர்வீஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்க: "காலை 10.40 முதல் இரண்டாவது கவுன்ட்டரில் மட்டும் பில் சேமிக்க முடியவில்லை. முதல் கவுன்ட்டரில் முடிகிறது. பழைய பில் இரண்டிலும் தெரிகிறது. நேற்று இரவு அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் நடந்தது. பிழைச் செய்தியின் போட்டோ இணைத்துள்ளேன். இன்று காலை 11 மணி பேக்கப் எடுத்தாச்சு. வேறு எதையும் தொடவில்லை." இதைப் படிக்கிறவர் உங்க கடைக்குக் கிளம்பும்போதே என்ன எடுத்துட்டு வரணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

இப்போ உங்க கேள்விகளைக் கேளுங்க. போட்டோ எடுத்து வந்தவங்க முதல்ல.